கை முறுக்கு, வேளைக்குப் பத்து

அமராவதிபுதூரில் பஸ் ஏறி, சீட்டை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டதும், ஹேமாவதி தண்ணீர் பாட்டிலை எடுத்துவிடுவாள். குடிப்பதற்கு இல்லை. வலது முன்கையைத் தொடைமேல் கிடத்தி, மணிக்கட்டை மட்டும் முழங்காலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கப் பாட்டிலைப் பிடித்துக்கொள்வாள். இடது கை அதை மேலே தூக்கிக் கொடுக்கும். வலது கை மெல்ல, மிக மெல்லக் கீழே இறக்கும். ஏற்றுவது ஒரு கை, இறக்குவது ஒரு கை. அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் இந்த அம்மாளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பின்பக்கம் போய் உட்காருவார்கள்.

"ஒரு சுத்து... ரெண்டு சுத்து..." என்று வாய்விட்டுத்தான் எண்ணுவாள். பத்து தடவை போதும் என்று பிசியோதெரபி டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். ஹேமாவதி பதினொன்றில்தான் நிறுத்துவாள். கைமுறுக்கில் மூன்று சுற்று உண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று உண்டு. பத்துச் சுற்று முறுக்கு என்று ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. "பத்துல நிறுத்துனா அரையுங்கொறையுமா நிக்கிது டாக்டரம்மா, கை ஒத்துக்கிட மாட்டேங்குது" என்பாள்.

முதல் வாரம் நடத்துநர் பொறுத்துப் பார்த்தார். இரண்டாவது வாரம் கேட்டேவிட்டார். "என்னக்கா பண்றீக?"

"எனக்கு டென்னிஸ் வந்துருக்குண்ணே."

சர்க்கரை வந்திருக்கிறது, பிரஷர் வந்திருக்கிறது என்பார்களே, அந்தக் குரலில் சொன்னாள். "அது ஆடுனா வருமா, பாத்தா வருமா?" என்று நடத்துநர் கேட்டார். "முறுக்குச் சுத்துனா வரும்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

நாற்பத்தெட்டு வயது. கணவர் ஆசைத்தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காரைக்குடியில் மெய்யம்மை ஆச்சி நடத்தும் பலகாரக் கடையின் பின்கட்டில் இருபது வருஷமாக ஹேமாவதிக்குக் கைமுறுக்கு வேலை. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று நாள்தோறும் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருக்கும் கடை. மற்றப் பலகாரங்களுக்கு அச்சு உண்டு, அளவு உண்டு. கைமுறுக்குக்கு விரல்தான் எல்லாம். எலுமிச்சம்பழ அளவு மாவைக் கையில் எடுத்து, கட்டைவிரலும் இரண்டு விரலும் அதை நூலாக இழுக்கும்போதே முறுக்கி, விரித்த வெள்ளைத் துணிமேல் சுற்றுச் சுற்றாக விட்டுக்கொண்டே போவாள். கல்யாணச் சீருக்கு வைக்கிற பதினோரு சுற்று முறுக்கை, கடையில் அவளைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை.

அவள் முறுக்குத் தின்னமாட்டாள். பதம் பார்க்க ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஒடிப்பாள். சத்தம் பிடித்தால் தலையை ஆட்டுவாள், பிடிக்காவிட்டால் எண்ணெய்ச் சட்டிக்காரியை ஒரு பார்வை பார்ப்பாள். சுற்றும்போது யாரும் அவளிடம் பேசலாம், ஆனால் அவள் முகத்தை நிமிர்த்தச் சொல்லக்கூடாது. மாவோடு மட்டும் ஓயாமல் பேசுவாள். "இன்னக்கி என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நேத்து நல்லாத்தான இருந்த?" என்று மாவைக் கேட்பாள். பக்கத்தில் சீப்புச்சீடை உருட்டுகிற உமையாள் முதல் மாதம் முழுக்க அது தன்னைத்தான் என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

போன ஆவணியில் வலி வந்தது. அடுத்தடுத்து இரண்டு கல்யாணச் சீர். எட்டு நாள் விடாமல் சுற்றினாள். ஒன்பதாம் நாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கினால் வலது முழங்கையின் வெளிப்பக்கம், அந்த எலும்பு முனையில், சுரீர் என்றது. அப்புறம் குழாயைத் திருகினால் வலித்தது, சேலையைப் பிழிந்தால் வலித்தது, தலைக்குச் சீப்பைக் கொண்டுபோனால் வலித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பாவம் என்று சொல்லிப் பாக்கெட் ஒட்டுகிற மெஷின் பக்கம் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரகசியமாக நாச்சியாபுரம் போய்ச் சுளுக்கு எடுக்கிறவரிடம் கையைக் கொடுத்தாள். மூன்று ஞாயிறு. கையில் எண்ணெய் வாசனைதான் மிஞ்சியது. "நரம்பு செத்துப்போச்சுன்னா கத்தி வைக்கத்தான் வேணும்" என்று பக்கத்து வீட்டில் யாரோ ஒரு வார்த்தை போட்டார்கள். அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கடையில் அவளைக் காட்டிக்கொடுத்தது முறுக்கேதான். ஏழு சுற்று முறுக்கு ஒன்றைத் துணியிலிருந்து எடுக்கும்போது வால் தளர்ந்து பிரிந்தது. மெய்யம்மை ஆச்சி அதைப் பார்த்தார். எடுத்து உடைசல் தட்டில் போட்டார். இருபது வருஷத்தில் ஹேமாவதியின் முறுக்கு உடைசல் தட்டுக்குப் போனதில்லை.

"கையில என்ன ஹேமா?"

"ஒண்ணுமில்ல ஆச்சி."

"ஒண்ணுமில்லாதவதான் பத்து நாளா காபிய இடது கையில வாங்குறியாக்கும்?"

அன்று மத்தியானமே பிசியோதெரபி டாக்டரிடம் அனுப்பிவிட்டார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி. டாக்டர் பெயர் சிவரஞ்சனி, திருச்சிக்காரப் பெண், இருபத்தேழு வயது. ஹேமாவதியின் கையை நீட்டச் சொல்லி, நடுவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லி, அந்த விரலைத் தன் ஒரு விரலால் அமுக்கினாள். அமுக்கியது விரலை, உயிர் போனது முழங்கையில். ஹேமாவதிக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

"இது டென்னிஸ் எல்போக்கா."

"நான் பந்தையே தொட்டதில்லையே தாயி."

"பேருதான் அது. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற சதை இருக்குல்ல, அதோட நுனி இங்க எலும்புல ஒட்டியிருக்கு. ஒரே வேலையை விடாம செஞ்சதுல அந்த ஒட்டு நைஞ்சிருக்கு. ஆபரேஷன்லாம் வேண்டாம். ஒழுங்காப் பயிற்சி செஞ்சா மூணு மாசத்துல சரியாயிடும்."

குளிர்ந்த பசை ஒன்றைத் தடவி, சின்ன இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒன்றை வலித்த இடத்தில் ஐந்து நிமிஷம் தேய்த்தாள். வீட்டில் செய்யவேண்டியதை எழுதிக் கொடுத்தாள். அச்சடித்த தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, இந்த அக்காவுக்குப் புரியாது என்று நல்ல மனத்தோடு தன் கைப்படத் தமிழில் எழுதினாள். கையை நீட்டி மணிக்கட்டை மடக்கி இழுப்பது, ஒன்று. ஐஸ் வைப்பது, இரண்டு. மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்ட ஒருவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நான்கு பேர் மாடி ஏறி வந்துவிட்டார்கள். சிவரஞ்சனி அவசரமாக எழுதி முடித்து, "இப்படி முறுக்கணும்க்கா" என்று இரண்டு கையாலும் காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றிக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் ஓடினாள்.

பஸ்ஸில் தாளைப் பிரித்து ஹேமாவதி எழுத்துக்கூட்டி வாசித்தாள். மூன்றாவது வரியில் இப்படி இருந்தது: "கை முறுக்கு – வேளைக்குப் பத்து – மூன்று வேளை. லேசான வலி இருந்தால் பரவாயில்லை."

இரண்டாவது தடவையும் வாசித்தாள். மனசு அப்படியே குளிர்ந்துபோயிற்று. தன் வேலையையே தனக்கு மருந்தாக எழுதிக் கொடுத்திருக்கிறது இந்தப் பெண். படித்தவர்கள் படித்தவர்கள்தான். காற்றில் சுற்றிக் காட்டியது மட்டும் சரியில்லை. ஒரு கையால் சுற்றவேண்டியதை இரண்டு கையால் சுற்றியது. போகட்டும், டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கு முறுக்குச் சுற்ற எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் கடைப் பக்கம் வரவேண்டாம் என்று ஆச்சி சொல்லியிருந்தார். மறுநாள் விடியலில் வீட்டிலேயே அடுப்பு மூட்டினாள். மாவு சலித்து, வெண்ணெய் போட்டு, எள் தூவிப் பிசைந்தாள். "சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேக்காம வந்துட்டேனே" என்று கவலைப்பட்டாள். ஆசைத்தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது போடலையே. எத்தன சுத்துன்னும் போடல" என்றார். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று ஐந்து சுற்றாக வைத்துக்கொண்டார்கள். காலையில் பத்து, மத்தியானம் பத்து, விளக்கு வைத்ததும் பத்து. வலிக்கும்போதெல்லாம் தாளில் அந்தக் கடைசி வார்த்தை, பரவாயில்லை என்று போட்டிருந்ததே, அதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வாரம் தெருவே அவள் வைத்தியத்தில் அக்கறையாக இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் ஆசைத்தம்பி முறுக்கு டப்பாவைத் திறந்ததும் "மதினிக்கு இன்னும் எத்தன நாளைக்கு மருந்து?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

ஏழாம் நாள் தோசைக் கரண்டி கையில் நிற்கவில்லை. விளக்குமாற்றைப் பிடிக்க முடியவில்லை. முழங்கை உப்பி, தொட்டால் சுட்டது. குழாயடியில் நனைத்த சேலையைப் பிழியப் போனவள், பிழிய முடியாமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். ஆசைத்தம்பி வந்து சேலையை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டார். "எதுக்கு அழுகுற, இன்னொரு டாக்டரப் பாப்போம்" என்றார்.

"வைத்தியம் பண்ணியும் கேக்கலன்னா என்ன அர்த்தம்? என் கை முடிஞ்சுபோச்சுங்க. இனிமே நான் துணி முன்னால உக்கார முடியாது" என்றாள். அவளுக்கு வேறு பயம் கிடையாது. மெஷின் பக்கம் உட்கார்ந்தாலும் ஆச்சி சம்பளத்தில் கை வைக்கமாட்டார், அது தெரியும். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் சீர்த்தட்டைப் பார்த்துவிட்டு 'இது யார் சுத்துனது?' என்று யாராவது கேட்டால், வேறு ஒருத்தி பெயரைச் சொல்வார்களே. அதைத்தான் தாங்க முடியாது.

மிச்சமிருந்த முறுக்கை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினாள். விடைபெற்றுக்கொண்டு வருவதாகத்தான் உத்தேசம்.

"எப்படிக்கா இருக்கு?"

"நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிராதீக டாக்டரம்மா. உங்க மேல குத்தமில்ல. எனக்கு விதிச்சது அம்புட்டுத்தான்." டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"என்னதுக்கா இது?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதான். ஒரு நாளைக்கு முப்பது. ஏழு நாளும் ஒரு வேள தப்பல. எண்ணெயும் நல்ல எண்ணெயாத்தான் ஊத்துனேன்."

சிவரஞ்சனி டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஹேமாவதியைப் பார்த்தாள். தாளை வாங்கித் தன் கையெழுத்தைத் தானே வாசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, இது... துண்டு. துண்டை முறுக்கறது. ஒரு துண்டைச் சுருட்டி ரெண்டு கையாலயும் பிடிச்சு, மெதுவா இப்படியும் அப்படியும் முறுக்கறது. துண்டுன்னு எழுத விட்டுட்டேன்."

"துண்டா?"

"துண்டுக்கா."

"அப்ப அதான் ரெண்டு கையிலயும் காமிச்சீகளா? நான் உங்களுக்குச் சுத்தத் தெரியலன்னுல்ல நெனச்சேன்."

அடுத்த கட்டிலில் முழங்காலுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த ஹைஸ்கூல் வாத்தியார் கார்த்திகேய சிவம் முதலில் சிரித்தார். சிவரஞ்சனி அடக்கிப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேமாவதி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தாகவேண்டும்.

"அப்ப என் கை?"

"உங்க கைக்கு இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கலைக்கா. ஓய்வு குடுக்கவேண்டிய நேரத்துல இன்னும் கொஞ்சம் வேலை வாங்கியிருக்கோம், அதான் வீக்கம். கை எங்கயும் போகலை."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"கை எங்கயும் போகலைக்கா."

ஹேமாவதி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. இருநூற்றுப் பத்து முறுக்கு. சிவரஞ்சனி ஒன்றை எடுத்துக் கடித்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். "எங்கிட்டு நல்லாருக்கு? மூணாவது சுத்து தளந்து கெடக்குது பாருங்க" என்று காட்டினாள் ஹேமாவதி.

வைத்தியம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. சிவரஞ்சனி இந்தத் தடவை ஒவ்வொன்றையும் செய்து காட்டி, செய்யச் சொல்லிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினாள். தாளில் துண்டுக்கு ஒரு படமே வரைந்தாள். முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே இறுக்கிக் கட்ட ஒரு பட்டை கொடுத்தாள். அதைப் பார்த்து உமையாள், "மேல் கையில போடுற வங்கிய முழங்கைக்குக் கீழ போட்டிருக்கீகளே அக்கா, புது மாடலா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் சிவரஞ்சனி கடைக்கே வந்து துணி ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஹேமாவதி வெறுங்கையில் சுற்றுவது போலச் செய்து காட்டுவதை வேடிக்கை பார்த்தாள். தரையில் உட்கார்ந்து எட்டி எட்டிச் சுற்றுவதால் கை முழுக்க நீட்டிக்கொண்டு, மணிக்கட்டு எந்நேரமும் தூக்கிக்கொண்டே நிற்கிறது என்று கண்டுபிடித்தாள். துணியை முழங்கால் உயரப் பலகைமேல் விரிக்கச் சொன்னாள். ஒரேயடியாகப் பிசைந்து வைத்தால் மாவு காய்ந்து இறுகும், இறுகிய மாவுக்கு விரல் கூடுதலாக அழுத்தும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையச் சொன்னாள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை உதறி எழுந்திருக்கவேண்டும். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கவேண்டும். மெய்யம்மை ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே பின்கட்டில் எல்லாருக்கும் பலகை அடித்துப் போட்டுவிட்டார்.

ஆறு வாரம் ஹேமாவதி பாக்கெட் ஒட்டுகிற மெஷின் பக்கம்தான் உட்கார்ந்தாள். தீபாவளி நெருக்கடியும் அதற்குள் வந்து போயிற்று. "ஒரு நூறு மட்டும் சுத்தித் தாரேன் ஆச்சி" என்று கேட்டுப் பார்த்தாள். "தீபாவளி அடுத்த வருசமும் வரும். நீ ஒட்டு" என்றார் ஆச்சி. ஒட்டினாள். ஆனால் இருந்த இடத்திலிருந்தே, முகத்தைத் திருப்பாமல், "அங்குட்டு யாரு, நாலாவது சுத்த நெருக்கி விடு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் எப்படிப் பார்த்தாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

கார்த்திகையில் சிவரஞ்சனி மூன்று சுற்று முறுக்கு பத்துக்கு அனுமதி கொடுத்தாள். "மூணு சுத்தா? அது பல்லு மொளைக்கிற பிள்ளைகளுக்குக் குடுக்கிறது டாக்டரம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றினாள். சுற்றும்போது கொஞ்சம் வலித்தால் இருக்கட்டும், மறுநாள் காலைக்குள் அடங்கிவிடவேண்டும் என்பது கணக்கு. அடங்கியது. மார்கழியில் ஐந்து, அப்புறம் ஏழு. தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்குக் கானாடுகாத்தானிலிருந்து சீர்ப் பலகாரம் கேட்டு வந்தார்கள். ஆச்சி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பின்கட்டு முழுக்க ஹேமாவதியைப் பார்த்தது. எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தாள். "என்ன, என்னய மறந்துட்டியா?" என்று மாவைக் கேட்டாள். பதினோரு சுற்று. வால் பிரியாமல் துணியைவிட்டு எழும்பி, தட்டைக்கரண்டியில் நின்று, எண்ணெயில் இறங்கியது. உமையாள்தான் அழுதாள். ஹேமாவதி இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் போன செவ்வாய்க்கிழமை மாடி ஏறினாள். சிவரஞ்சனி நடுவிரலைத் தூக்கச் சொல்லி அமுக்கினாள். ஹேமாவதியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பலமாக அமுக்கினாள். "பலகாரம் சாப்பிட்டுட்டு வந்து அமுக்குங்க" என்றாள் ஹேமாவதி.

"இனிமே நீங்க வரவேண்டாம்க்கா. தாள்ல குறிச்சு முடிக்கணும். முன்னாடி எங்க வலிச்சது, ஒரு தடவை தொட்டுக் காட்டுங்க."

ஹேமாவதி இடது கட்டைவிரலை வலது முழங்கையில் வைத்து அமுக்கினாள். இல்லை. கொஞ்சம் மேலே தள்ளி அமுக்கினாள். கையை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், எலும்பு முனையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இங்குட்டுத்தான இருந்துச்சு" என்றாள்.

மறுபடி தேடினாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இடது முழங்கையையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.